கம்பம்மெட்டு வளைவில் ஒரு குளியல்

சமவெளியில் வளர்ந்தவர்கள் மலைக்குப் போகும்போது ஊரையும் கொஞ்சம் மூட்டை கட்டிக்கொண்டுதான் போவார்கள். சிலர் புளியோதரையாக, சிலர் தலையணையாக. நாங்கள் மழை எட்டிப் பார்க்காத எருத்தேன்பதிக்காரர்கள். தண்ணீராகக் கட்டிக்கொண்டு போனோம்.

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. காற்று திரும்புகிற பக்கமெல்லாம் கழுத்தும் திரும்பும். என் மனைவி பூங்கொடி நேர் எதிர். கல்யாணமான நாளிலிருந்து மாடு, தென்னை, கரண்ட் வரும் நேரம் என்று வீட்டைவிட்டு நகராதவள். கெஞ்சிக் கெஞ்சி, போன சித்திரையில்தான் சம்மதம் வாங்கினேன்.

"ஏனுங்க, இந்த ஒருக்கா வர்றேன். நல்லா இல்லீன்னா இனி என்னையக் கூப்புடவே கூடாது. ஆயுசுக்கும்."

ஆயுசு என்ற சொல்லை அவள் சும்மா எடுப்பவள் இல்லை. ஆகவே எதிலும் குறை வைக்கக் கூடாதென்று ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்தேன். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே. (எங்கள் பக்கம் கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் மேக்கப் போடுகிற வண்டி. வாசலில் வந்து நின்றதும் தெருவே திரண்டு கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்தது. உள்ளேயிருந்து நான் இறங்கினேன். தெரு கலைந்துவிட்டது.)

கம்பம்மெட்டு ஏறி ஆனைக்கரை. ஏலக்காட்டு வாசத்தில் ஒரு ராத்திரி. விடிந்ததும் ராமக்கல்மேட்டுக் காற்று. அப்புறம் தேக்கடியில் படகு. இப்படி நான் கனவை அடுக்கிக்கொண்டிருக்க, அவள் குடங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்க எதுக்கு இதெல்லாம்? இடுக்கியே தண்ணியில மிதக்குது பூங்கொடி!"

"தண்ணி இருக்குமுங்க. நமக்குக் குடுப்பாங்களா?"

கோடையில் தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடிப் பழகியவளாயிற்றே! கேரவனின் தொட்டி வாய்வரை நிரம்பியது. பிறகு படுக்கைக்கு அடியில் கேன், அடுப்படியில் குடம், நடைவழியில் டிரம். வண்டி ஓட்ட வந்த அவள் தம்பி சம்பத் எட்டிப் பார்த்தான்.

"மாமா, இதுல நாம எங்கீங்க உக்கார்றது?"

சமதரையில் ஒன்றும் தெரியவில்லை. ராத்திரி கம்பத்தில் தங்கி, காலையில் மலையைத் தொட்டோம். மேலே போகப் போகக் காற்று மெலிந்து குளிர்ந்தது. வண்டி மட்டும் முனகியது. ஒரு கொண்டை ஊசி வளைவில் பாதி திரும்பி, பெருமூச்சு விட்டு, பின்னால் நழுவப் பார்த்தது. சம்பத் பிரேக்கை மிதித்து, ஓரமாக ஒதுக்கி, சக்கரத்துக்குக் கல்லை வைத்தான்.

"பாரம் தாங்கலீங்க மாமா. தண்ணிய ஊத்தீறலாம்."

"ஊத்துவியா? குடிக்கிற தண்ணியடா! ரோட்டுல ஊத்துவியா நீயி?" பூங்கொடி டிரம்மின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருந்ததைச் சொன்னாள். "வண்டியத் திருப்புங்க. ஊட்டுக்குப் போலாம். எனக்கு இதெல்லாம் வேண்டாமுங்க."

ஆயுசு முழுக்க நான் தனியாகப் பார்க்கப் போகிற மலைகளெல்லாம் வரிசையாகக் கண்ணில் வந்து போயின.

அப்போதுதான் ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் எங்கள் பின்னால் வந்து நின்றது. ரேடியேட்டரிலிருந்து புகை. டிரைவர் இறங்கி, "அக்கா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?" என்றார்.

கொஞ்சமா! பூங்கொடி எழுந்த வேகத்தில் டிரம் ஆடியது. ரேடியேட்டர் குடித்தது. பெண்கள் முகம் கழுவினார்கள், பாட்டில் நிரப்பினார்கள். அடுத்த ஜீப்பும் நின்றது. கல்யாண வீட்டுப் பந்தியில் நிற்பவள்போல அவள் ஒவ்வொருவரையும் விசாரித்து விசாரித்து ஊற்றினாள். "எங்க ஊருத் தண்ணி, குடிச்சுப் பாருங்க" என்றாள். அப்படி மலர்ந்து அவளை நான் பார்த்ததில்லை.

"நீங்க ஏன் நிக்கறீங்க? தொட்டித் தண்ணியும் தீரோணும். போயிக் குளிங்க."

போனேன். தலைமுதல் கால்வரை தாராளமாகச் சோப்புப் போட்டேன். வெளியே பக்கவாட்டுக் குழாயிலும் அதே தொட்டித் தண்ணீரைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவில்லை. ஷவர் இருமியது. நின்றது. கண்ணைத் திறக்க முடியாமல் குழாயைத் தடவிக்கொண்டிருந்தபோது வண்டி கிளம்பியது.

வண்டிக்குப் பாரம் குறையட்டுமென்று பூங்கொடி அந்தப் பெண்களோடு ஜீப்பில் ஏறிப் போய்விட்டாள். நானும் அவளோடு போய்விட்டேன் என்று சம்பத் நினைத்தான். (அவன் பாட்டை வேறு சத்தமாக வைத்திருந்தான்.) மிச்ச வளைவுகள் அத்தனையிலும் நான் குளியலறைக்குள் வழுக்கினேன். இடது வளைவில் வாளி என்மேல், வலது வளைவில் நான் வாளிமேல்.

மேலே சோதனைச் சாவடியில் பின்கதவைத் திறந்த அதிகாரி, துண்டோடும் நுரையோடும் நின்ற உருவத்தைப் பார்த்து ஓரடி பின்வாங்கினார்.

"இதெந்தா சாரே?"

"தண்ணி... தீந்து போச்சு சார்."

முன்னால் நின்ற ஜீப்பிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "யக்கோவ், உங்க வீட்டுக்கார அண்ணன அலசாமயே கொண்டாந்துட்டீகளே!"

ஜீப்பே குலுங்கியது. நான் கூசிக் குறுகிக் கீழே இறங்கியதும் மலை இரங்கியது. முதலில் ஒரு துளி தோளில். பிறகு ஏலக்காட்டுக்கு மேலிருந்து மூடுபனி இறங்கி, அதன் பின்னால் சடசடவென்று கோடை மழை. துண்டை இறுக்கிப் பிடித்தபடி நடுரோட்டில் நின்றேன். கண் தெளிந்ததும் முதலில் தெரிந்தது பூங்கொடி. ஜீப்பைவிட்டு இறங்கி, குடையில்லாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் காதுக்குப் பின்னால இன்னுங் கொஞ்சம் இருக்குதுங்க!"

அன்று ஆனைக்கரைத் தோட்டத்தில் அந்தப் பெண்கள் கொண்டுவந்த தூக்குச்சட்டிச் சோறுதான் எங்களுக்குச் சாப்பாடு. ராமக்கல்மேட்டுக் காற்றில் முந்தானை பறக்க நின்றவளை நான்தான் இழுத்துவர வேண்டியதாயிற்று.

இப்போதும் எங்கள் ஊரில் அபூர்வமாக மேகம் கூடினால், சம்பத் தோப்பிலிருந்தே கத்துவான்: "மாமா, சோப்புப் போட்டாச்சுங்களா?" பூங்கொடி அதற்குச் சிரித்து முடிக்காமல் மாட்டுக்குத் தீவனம் வைக்கமாட்டாள். அந்த மாடுகளையும் அடுத்த வாரம் அவனிடமே விட்டுவிட்டு வாகமண் மலைக்குக் கிளம்புகிறாள். வண்டிக்குச் சொல்லியாயிற்று. குடம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

"நீங்களும் வாங்க," என்றாள் நேற்று. "ஆனா, ஊட்டுலயே குளிச்சுட்டு வண்டி ஏறோணும்."