பதினோரு வருஷச் சாதனை

குழாயின் கைப்பிடி வரலாற்று ஆசிரியரின் கையோடு வந்துவிட்டது.

நிமிடத்துக்கு நாலு சொட்டு. குளியல்தொட்டிக் குழாயில் இருந்த கோளாறு அவ்வளவுதான். காலையில் வேலைக்குக் கிளம்பிய மனைவிகூட, "அவசரமே இல்லைங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். இவர்தான் ஸ்பேனரை எடுத்தார். இன்னும் ஒரே ஒரு சுற்று என்று முறுக்கினார். இப்போது சொட்டு, அருவியாகிவிட்டது.

துண்டைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். தண்ணீர் பக்கவாட்டில் பீய்ச்சியது. துண்டின் மேல் டேப்பை ஒட்டினார். கூரைக்குப் பாய்ந்தது. கழன்ற திருகு தொட்டியின் வடிகால் ஓட்டைக்குள் போய்விடாமலிருக்க அதை அடைப்பானால் மூடினார். அடைப்பானின் சங்கிலி கையோடு வந்தது. இனி தொட்டி நிரம்புவதை வேடிக்கை பார்க்கலாம்.

மெயின் வால்வு எங்கே? வீடு முழுக்கத் தேடினார். சமையலறையில் ஒன்று கிடைத்தது. மூடினார். அந்தத் தண்ணீரும் சேர்ந்து குளியலறைக்கே வந்தது.

தொலைபேசி அடித்தது. கீழ்வீட்டுக்காரர்.

"சார், எங்க ஹால்ல மழை பெய்யுது."

"லேசாத்தானே?"

"சோபாவை மாடிப்படிக்குக் கொண்டுபோயிட்டோம் சார். ஒரு பிளம்பர் நம்பர் தர்றேன், தயவுபண்ணிக் கூப்பிடுங்க."

ஆசிரியர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். 'கல்யாணமாகிப் பதினோரு வருஷம், இந்த வாசப்படியை ஒரு பிளம்பர் மிதிச்சதில்ல!' விருந்தாளிகளிடம் அவர் இதைச் சொல்லும்போதெல்லாம் மனைவி குனிந்து சிரிப்பாள். பெருமைச் சிரிப்பு. பெரிய பதவி, பெரிய கார் எதுவும் கொடுக்காத மனுஷன், அவளுக்குக் கொடுத்த ஒரே பெருமை அது. ஆறு மணிக்கு அவள் வந்ததும் அதுவும் போச்சு.

நனைந்த விரலால் எண்களை அழுத்தினார்.

நரைத்த மீசையோடு வந்த பிளம்பர், எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றினார். செருப்பு ஸ்டாண்டை நகர்த்தினார். அதன் பின்னால் கையை விட்டுத் திருகினார். அருவி நின்றது.

"வால்வு அங்க இருக்குன்னு எப்படிண்ணே தெரியும்?"

"எல்லா வீட்லயும் அங்கதான் சார் இருக்கும்."

"செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாலயா?"

பிளம்பர் பைக்குள் தலையை விட்டு எதையோ மும்முரமாகத் தேடினார். அரைமணியில் புதுக் கைப்பிடி மாட்டியாயிற்று. கதவுக்குப் பின்னாலிருந்து துடைப்பானை அவரே எடுத்துத் தரையையும் துடைத்தார்.

மணி ஐந்தே முக்கால். ஆசிரியர் பிளம்பரின் பையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஒரே ஒரு உதவி. நீங்க வந்தது என் மனைவிக்குத் தெரியக் கூடாது. என் மானமே அதுலதான் இருக்கு."

பிளம்பர் செருப்பை மாட்டிக்கொண்டே அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"பயப்படாதீங்க சார். பதினோரு வருஷமா நீங்க எதைச் சரி பண்ணாலும், மறுநாளே வீட்டம்மா என்னைக் கூப்பிட்டு இதையேதான் சொல்றாங்க. 'அவருக்கு மட்டும் தெரியக் கூடாது'ன்னு."