வராகனைக் கழுவிய மாப்பிள்ளை

வரலாற்று வாத்தியாருக்கு ஒரு தொல்லை உண்டு. பழசாக எது கிடைத்தாலும் நம்மிடம் கொண்டுவந்து நீட்டி, "இது என்ன விலை போகும்?" என்பார்கள். 'தெரியாது' என்று சொல்லிவிட்டால் தப்பித்தோம். எனக்கு அந்த நாலெழுத்து வாயில் வராது.

கல்யாணமான ஏழாவது மாதம், மேலப்பாளையத்தில் மாமனார் வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்ததும் மாமா ஒரு மருந்து டப்பியைத் திறந்து, பஞ்சுக்குள்ளிருந்து தங்கக் காசு ஒன்றை எடுத்தார். விரல் நகமளவு. ஜவுளி வியாபாரம் செய்த அவருடைய பாட்டனார் வைத்துவிட்டுப் போனதாம்.

"மாப்பிள்ளை, இதை வித்து நானும் உங்க மாமியும் மக்காவுக்கு உம்ரா போயிட்டு வரலாம்னு பார்க்கேன். எவ்வளவு பெறும்?"

அதுவரை பழைய தங்கக் காசை நான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன். (அதுவும் கறுப்பு வெள்ளைப் படம்.) ஆனாலும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "விஜயநகர வராகன் மாதிரி இருக்கு மாமா. பின்பக்க எழுத்தைப் படிச்சாத்தான் சரியான விலை சொல்ல முடியும்" என்றேன். எழுத்தின் மேல் செம்மண் நிறத்தில் அழுக்கு அப்பியிருந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அடுப்படிக்குப் போனேன். புளி, பல்பொடி, பழைய பிரஷ். என் மனைவி சபீனா எட்டிப் பார்த்து, "ஏங்க, இப்படிப் போட்டுத் தேய்க்கலாமா?" என்றாள்.

"ஆராய்ச்சின்னா அப்படித்தான்."

அரைமணி நேரத்தில் காசு அன்றைக்குக் கடையில் வாங்கியதுபோல் மின்னியது. எழுத்தும் பளிச்சென்று தெரிந்தது. நாகரி எழுத்து. எனக்கு அது வாசிக்க வராது.

மறுநாள் மாமா, மாமியோடு ஜங்ஷன் பக்கம் பழைய காசு வாங்கும் அண்ணாச்சியிடம் போனோம். அவர் பூதக்கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதைத் தேய்ச்சது யாரு?"

மாமாவும் மாமியும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்கள். மருமகனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

"நான்தான் அண்ணாச்சி. எழுத்து தெரியணும்னு..."

"எனக்கு அழுக்கோடயே தெரியும் வே! காசு அபூர்வமான காசுதான். ஆனா அந்தப் பழைய நிறத்துக்குத்தான் சேர்க்குறவன் விலை குடுப்பான். நீரு அதையில்லா உரிச்சிட்டீரு? மேலெல்லாம் கீறல். இனி பாதி விலைக்கு மேல எவனும் கேக்க மாட்டான்."

ஆட்டோவில் திரும்பினோம். குதித்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமா மாமியிடம் பையச் சொன்னார்: "உன் தம்பி குடும்பம் போகுதுல்லா. நீ அவங்க கூடப் போயிட்டு வா."

"நீங்க வராமயா?"

"எனக்கு என்ன அவசரம்?"

காசைப் பாதி விலைக்கு விற்ற பணத்தில் மாமி மட்டும் போய்வந்தார்.

இன்றும் அந்த வீட்டில் சாப்பிட்ட தட்டை நான் கழுவப் போனால் போதும். "மச்சான், கீழ வைங்க, விலை குறைஞ்சிரும்!" என்று சபீனாவின் தம்பி கூடத்திலிருந்து கத்துவான். வீடே சிரிக்கும். புதிதாக வந்த விருந்தாளி யாராவது விழித்தால், கதை முதலிலிருந்து ஆரம்பமாகும்.

நாலு வருஷம் சீட்டுப் போட்டு மாமாவை நான் உம்ராவுக்கு அனுப்பிவைத்தேன். அந்தப் பகுதியை மட்டும் யாரும் சொல்வதில்லை.