வழக்குச் சேவல்

தாமரை மேடம் ரசித்துக் கடித்துக்கொண்டிருந்த கோழிக்கால் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டர் சிவநேசன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். நேராகச் சமையலறைக்குப் போனார்.

"புஷ்பா, பின்னாடி கூண்டுல இருந்த சேவல் எங்க?"

"ஓப்பன் ஹவுஸ்னு நீங்க பாட்டுக்கு ஊரையே விருந்துக்குக் கூப்பிட்டுட்டீங்க. கறி பத்தல, அதையும் சேத்துட்டேன்," என்றாள் மனைவி புஷ்பவல்லி. "நல்லா தீனி போட்டுப் பாத்துக்கன்னு சொன்னீங்களே, தீபாவளிக்குத்தானே?"

தீபாவளிக்கு இல்லை, கோர்ட்டுக்கு. கிள்ளானில் நாகையா வீட்டில் திருடுபோன செராமாச் சேவல் அது. அழகுப் போட்டியில் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற குட்டி ஜாதி. விலையைக் கேட்டால் தலை சுற்றும். குரு என்பவன் வீட்டில் சிவநேசன் அதைப் பிடித்தார். அது தன்னுடைய சேவல் என்று குரு கெஞ்சத்தான் செய்தான். எந்தத் திருடன்தான் அப்படிச் சொல்லவில்லை? உயிருள்ள சாட்சிப் பொருளை வைக்க ஸ்டேஷனில் இடமில்லை என்று வீட்டுக்குத் தூக்கி வந்தது மகா தப்பு.

அந்த வழக்கை நடத்தப்போகிற அரசு வழக்கறிஞரே தாமரை மேடம்தான். போலீஸ்காரர்களை லேசில் நம்பாத மனுஷி, சிவநேசனை மட்டும் நம்பினார்.

"இன்ஸ்பெக்டர், நாம ரெண்டு பேரும் ஒண்ணா நின்னாதான் கேஸ் நிக்கும். எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க," என்றார், கையைக் கழுவிக்கொண்டே. "கறி பிரமாதம் லா."

உண்மையைச் சொல்லத்தான் சிவநேசன் வாயைத் திறந்தார். 'சாட்சிப் பொருளை நீங்கதான் சாப்பிட்டீங்க மேடம்' என்று எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? பொட்டலம் கட்டித் தரட்டுமா என்று கேட்டுவைத்தார்.

மறுவாரம் சேவலைப் பார்க்க வருவதாக மேடம் போன் செய்தார். சேவலுக்கு உடம்பு சரியில்லை என்றார் சிவநேசன். அப்படியென்றால் கால்நடை மருத்துவரின் அறிக்கை வேண்டும் என்றார் மேடம். உடனே தேறிவிட்டது என்றார் இவர். நல்லதாய்ப் போயிற்று, விசாரணைக்குக் கொண்டுவாருங்கள், நாகையா நேரில் அடையாளம் காட்டட்டும் என்று மேடம் முடித்துவிட்டார்.

வேறு வழியில்லை. ஸ்டேஷனில் எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக அலைந்து, கடைசியில் பக்கத்து ஊரான மேருவில் ஒரு பறவைக் கடையில் அதே வெள்ளை உடம்பு, கறுப்பு வாலோடு ஒன்றை வாங்கினார். வழியெல்லாம் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கடையில் வாங்கிய கோழியைக் காட்டி ஒருவனை ஜெயிலுக்கு அனுப்பப் பார்க்கிறோமே, இதற்கா போலீஸ் உடுப்பைப் போட்டோம்? கோர்ட்டுக்குப் போனதும் மேடத்திடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்தார்.

கோர்ட் வராந்தாவில் மேடத்தோடு நாகையாவும் நின்றிருந்தார். ஜாமீனில் வந்த குரு ஓரமாக உட்கார்ந்திருந்தான்.

"மேடம், ஒரு விஷயம்," என்று சிவநேசன் ஆரம்பிப்பதற்குள் நாகையா அவர் கையிலிருந்த கூண்டைத் திறந்துவிட்டார்.

"சின்ராசு!"

சேவல் ஒரே தாவாகத் தாவி அவர் தோளில் ஏறிக் கூவியது. நாகையா அழுதேவிட்டார். சிவநேசன் திறந்த வாயை மூட மறந்தார்.

குரு எழுந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது.

"மேடம், நான் குத்தத்தை ஒத்துக்கிறேன். இதைத் திருடி மேருல வித்தது நான்தான். இன்ஸ்பெக்டர் அங்க வரைக்கும் போய்க் கண்டுபிடிச்சிட்டாரு, இனிமே பொய் சொல்லி என்ன லா ஆகப்போகுது?"

தாமரை மேடம் பெருமை பொங்க சிவநேசனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அவருக்கு உடம்பே கூசியது. தலையைக் குனிந்துகொண்டார்.

குரு தயங்கித் தயங்கி அவர் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, அன்னிக்கு என் வீட்டுல புடிச்சிட்டுப் போனீங்களே, அது நெசமாவே என்னோடது. அதை எப்பண்ணே திருப்பித் தருவீங்க?"