நேப்பியர் அண்ணனும் என் குர்பான் ஆடும்

புல்லைக் காரணம் காட்டி மனிதர்களைத் திட்டுவதில் நேப்பியர் அண்ணனை மிஞ்சப் பினாங்குத் தீவிலும் ஆள் இல்லை, பாலத்துக்கு அந்தப் பக்கம் பட்டர்வொர்த்திலும் ஆள் இல்லை. அவர் வாயில் அதிகம் விழுந்தவன் நான் என்பதால் இதை அடித்துச் சொல்வேன்.

மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்காரர், நான் கணக்கெழுதும் கிராணி. அவருடைய அசல் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. உடம்பு ஸ்டோரில் இருந்தாலும் மனசு பாலிக் புலாவில் அவர் வளர்க்கும் செம்மறிகளிடம் இருக்கும். மதியம் கேண்டீனில் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் இரண்டு புல்தண்டுகளை எடுத்து வைப்பார்.

"இது இடுப்பு உசரத்துல வெட்டுன நேப்பியர் புல்லு. இது ஆளு உசரத்துக்கு விட்டது. ரெண்டும் ஒரே புல்லுதான். ஆனா இது சாப்பாடு, அது வெளக்கமாறு. ஆட்டுக்கு வெளக்கமாத்தப் போட்டுட்டு, எடை ஏறலன்னு ஆட்டத் திட்றானுங்க. நியாயமா லா இது?"

"இல்லண்ணே" என்போம். வேறு பதில் சொன்னால் சோறு ஆறிவிடும்.

என் மச்சான் கல்யாணத்துக்கு அவரை அழைத்திருந்தேன். பிரியாணியிலிருந்து ஒரு கறித்துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ரோட்டோரப் புல்லு தின்ன ஆடு. சவ்வுதான் இருக்கு" என்று பந்தி முழுக்கக் கேட்கும்படி அறிவித்தார். மச்சான் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான், ஹஜ்ஜுப் பெருநாளில் அறுத்துப் பலி கொடுக்க வேண்டிய என் குர்பான் ஆட்டைக் கொண்டுபோய் விட்டேன். "நம்ம கையால வளத்த ஆட்டக் குர்பான் கொடுக்கணும்" என்று என் மனைவி இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் அடுத்த ஹஜ்ஜுப் பெருநாள், அடுத்த பெருநாள் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். கடைசியில் ஒரு செம்மறிக் கிடாக்குட்டி வாங்கினேன். ஜார்ஜ் டவுன் வீட்டில் கட்ட இடமில்லாததால் அது அண்ணன் கொட்டகைக்குப் போனது. குர்பான் ஆட்டுக்குக் கண், காது, கால் எதிலும் பழுது இருக்கக் கூடாது என்பது எங்கள் மார்க்கச் சட்டம். அதற்கு அண்ணனைவிட நல்ல காவல் ஏது?

பெருநாளுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவர் மகளின் பிரசவத்துக்காக மூன்று வாரம் தைப்பிங் போக வேண்டி வந்தது. கொட்டகை என் தலையில் விழுந்தது.

"நேப்பியர இடுப்பு உசரத்துல வெட்டு. பொடியா நறுக்கு. கொஞ்சம் வாடவிட்டுப் போடு. வேலிக்கு அந்தப் பக்கம் போகாத."

லீவு போட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நேப்பியர் இலை கையைக் கிழித்தது. நறுக்கி நறுக்கித் தோள் கழன்றது. ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் சரிவு முழுக்க மெத்தை போல இளம்புல்! எனக்கு வந்ததே கோபம்! ஊருக்கெல்லாம் புல் உபதேசம் செய்கிற மனிதர், இவ்வளவு நல்ல புல்லை வேலி போட்டு ஒளித்து வைத்திருக்கிறாரே, இதென்ன கஞ்சத்தனம்? என் ஆட்டை அங்கே அவிழ்த்து விட்டேன். தினமும் அது வயிறு முட்டத் தின்றது. அண்ணன் அசந்து போகட்டும் என்று காத்திருந்தேன்.

மூன்றாம் வாரம் ஆடு நிழலை விட்டு நகர மறுத்தது. முகம் வீங்கி, காது தடித்துத் தொங்கியது. கண் மஞ்சளாகியிருந்தது. அண்ணன் வந்து பார்த்தார். பையைக் கீழே வைத்தார்.

"எந்தப் புல்லு?"

கையைக் காட்டினேன்.

"அது சிக்னல் புல்லுடா! பக்கத்து வீட்டு மாட்டுக்கு விட்டு வச்சது. மாடு தாங்கும், செம்மறி தாங்காது. ஈரல் கெட்டுப் போவும், வெயில் பட்டா தோலு வெந்து போவும். மூணு வருசமா கேண்டீன்ல இதத்தானே கத்துனேன்? என்னத்தக் கேட்ட நீ?"

அப்பளம் கடித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனாலும் எனக்கும் ரோஷம் உண்டு. "வேலி போட்டீங்க, ஒரு போர்டு போட்டீங்களா?"

"போர்டு வச்சா ஆடு படிக்குமா?"

"நான் படிப்பேன்லண்ணே!"

"நீயா?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த அவமானம் வேறு எதிலும் இல்லை.

சாக்குகளைத் தொங்கவிட்டுக் கொட்டகையை இருட்டாக்கினார். இளம் நேப்பியரை ஒவ்வொரு பிடியாக ஊட்டினார். ஆடு பிழைத்தது. ஆனால் வலது காது பாதி காய்ந்து விழுந்துவிட்டது. இனி அது குர்பானுக்கு ஆகாது. வீட்டில் எப்படிச் சொல்வது என்று நான் தவித்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் போன் போட்டு என் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை, உட்கார்ந்து அழுதாள்.

பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு எங்கள் வாசலில் லாரி நின்றது. அண்ணன் இறக்கியது அவருடைய சொந்தக் கிடா. குட்டியிலிருந்து புல் பார்த்துப் பார்த்து வளர்த்தது. வாராவாரம் அதைக் கட்டிப்பிடித்துத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி எடை பார்ப்பார்.

"அண்ணே, இது உங்க..."

"ஒனக்கில்ல. அந்தப் புள்ள அழுதுச்சு. அதுக்காக." கயிற்றை என் மனைவி கையில் கொடுத்தார். "இத மட்டும் இவன்கிட்ட விட்றாதம்மா" என்று சொல்லிவிட்டு, கிடாவைத் திரும்பிப் பார்க்காமல் லாரியில் ஏறினார்.

பாதிக் காது ஆடு அவர் கொட்டகையிலேயே தங்கிவிட்டது. ஞாயிறுதோறும் போய் நான்தான் நேப்பியர் வெட்டுகிறேன். உயரம் சரியில்லை, நறுக்கியது சரியில்லை என்று ஓயாமல் திட்டுகிறார். போன வாரம் நான் வந்தது தெரியாமல் உள்ளே அந்த ஆட்டோடு பேசிக்கொண்டிருந்தார்.

"ஜமாலு, மெதுவாத் தின்னுய்யா. யாரு புடுங்கப் போறா? நான் இங்கதானே இருக்கேன்."

ஜமால் என்பது என் பெயர். புல்லுக்கட்டோடு வெளியிலேயே நின்றுவிட்டேன். என்னைப் பெற்ற வாப்பா மவுத்தாகி அடக்கமான பிறகு என் பெயரை அவ்வளவு அன்பாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.