கேள்வி கேட்காத கறுப்புத் திரை

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் ஞானோதயம் வந்தது. மவுஸைப் பிடித்துக்கொண்டு கிளிக் கிளிக் என்று தட்டுவதெல்லாம் சின்னப் பிள்ளைகள் வேலை. ஆம்பளை என்றால் கறுப்புத் திரையைத் திறந்து வெள்ளை எழுத்தில் கட்டளை போட வேண்டும். வீட்டில்தான் போட முடியவில்லை, கம்ப்யூட்டரிடமாவது போட்டுப் பார்க்கலாமே.

விஷயம் இதுதான். அவர் மனைவி பார்வையற்றோர் நூலகத்துக்காகப் புத்தகங்களை வாய்விட்டுப் படித்துப் பதிவு செய்து கொடுப்பவள். எட்டு மாதமாக ஒரே நாவல், நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசி அத்தியாயம்தான் பாக்கி. பதிவெல்லாம் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் செருகியிருந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் இருந்தது. அது நிரம்பி வழிந்தது. அதை ஒட்டியே இன்னொரு டிஸ்க், மாஸ்டருடையது. ஒரே கடை, ஒரே நாள், ஒரே கறுப்பு, ஒரே அளவு. அதற்குள் இருந்தவை 'ரிவர்ஸ் எடுப்பது எப்படி' என்று அவரே எடுத்த வீடியோக்கள். அவற்றை முழுசாகப் பார்த்தவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

தன் டிஸ்க்கைச் சுத்தமாகத் துடைத்து, வீட்டுக்கு அறை தடுப்பதுபோலப் புதிதாகப் பார்ட்டிஷன் பிரித்து, "இந்தா, வெச்சுக்கோ" என்று மனைவி கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது திட்டம். அவளோ, எதையும் தொட வேண்டாம், சனிக்கிழமை மாடி வீட்டுக்காரர் வந்து பார்ப்பார் என்று சொல்லிவிட்டுத்தான் காய்கறி வாங்கப் போனாள். மாடி வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் மெக்கானிக். அந்தப் பேச்சே மாஸ்டருக்குச் சுருக்கென்று தைத்தது. இருநூறு பேருக்குக் கிளட்ச் பழக்கியவனுக்கு இது ஒரு வித்தையா?

லிஸ்ட் டிஸ்க் என்று அடித்தார். பூஜ்யம், ஒன்று, இரண்டு என்று பட்டியல் வந்து நின்றது. பூஜ்யம் கம்ப்யூட்டருக்கு உள்ளேயே இருப்பது, அதன் பக்கமே போகாதே என்று போனில் பார்த்த பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மிச்சம் ஒன்றும் இரண்டும். பெயர் கிடையாது, எண்ணும் அளவும்தான். அளவோ இரண்டுக்கும் ஒன்றேதான். போன வாரம் பார்த்தபோது ஒன்று என்பது தன்னுடையது, அது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. நடுவில் வயரைக் கழற்றி மாட்டினால் எண் இடம் மாறிவிடலாம் என்பதை மட்டும் அந்தப் பாடத்தில் அவர் தள்ளிவிட்டுப் பார்த்திருந்தார். கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுக்காதே என்று தினமும் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், பார்க்காமலே எடுத்தார். செலக்ட் டிஸ்க் ஒன்று. கிளீன். என்டர்.

திரை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வீட்டில் பழைய செய்தித்தாளைத் தூக்கிப் போடுவதென்றால்கூட, நிச்சயமாகத்தானா என்று மூன்று தரம் கேட்பார்கள். இதுவோ, வெற்றிகரமாகச் சுத்தம் செய்தாயிற்று என்று ஒரு வரி எழுதிவிட்டுச் சும்மா இருந்தது.

மாஸ்டர் மீசையைத் தடவிக்கொண்டே பக்கத்து டிஸ்க்கைத் திறந்து பார்த்தார். ரிவர்ஸ் வீடியோக்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

முகத்தில் ஈயாடவில்லை மனுஷனுக்கு. ஃபேன் சத்தம் பதிவில் விழுந்துவிடுமே என்று அதை நிறுத்திவிட்டு, வேர்த்து வழிய வழிய உட்கார்ந்து படித்தவள் அவள். தொண்டை கட்டிய நாளிலும் வெந்நீரைக் குடித்துக் குடித்துப் படித்தாள். அந்த எட்டு மாதத்தையும் மூன்றே வரியில் துடைத்துவிட்டோமே என்று நினைத்தபோது, பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது. நாக்கு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடிக்க அடுப்படிக்கு ஓடினார்.

அதற்குள் அவள் வந்துவிட்டாள். பையை வைத்தாள், கம்ப்யூட்டர் அறைக்குள் போனாள், திரும்பி வந்தாள்.

"உன் டிஸ்க் கொஞ்சம் சூடாயிருக்கு," என்றார் மாஸ்டர், மென்று விழுங்கி. "நாலு நாள் ஓய்வு கொடுக்கணும்னு மாடி வீட்டுக்காரர் சொன்னார்."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

அந்த 'சரிங்க'தான் அவரைக் கொன்றது. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். அன்று மாலையே கேட்காமல் பாத்திரம் தேய்த்தார். புதன்கிழமை வீடு முழுக்கத் துடைத்தார். அலமாரியின் மேல் தட்டைப் பார்த்து அவள் பெருமூச்சு விட்டாள், அதையும் துடைத்தார். வியாழக்கிழமை ஒரு பெண் கண்ணாடியைப் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்துக் குப்பைத் தொட்டியை இடித்தாள். வழக்கமாக வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பவர், பரவாயில்லம்மா, எல்லாரும் பண்றதுதான் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் குரல் கேட்டது. நாவலின் முதல் பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன் கேட்ட அதே முதல் வரி. மாஸ்டருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லாமல், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். கையில் துணியோடு அப்படியே அறைக்குள் போனார்.

"டிஸ்க் சூடாகல. நான்தான் அழிச்சேன். மாடி வீட்டுக்காரர் எதுவும் சொல்லல, பொய். உன் முகத்தைப் பார்க்கவே வெட்கமா இருக்கு எனக்கு."

"தெரியும்," என்றாள் அவள்.

"தெரியுமா?"

"நீங்க அடிச்சதெல்லாம் அந்தக் கறுப்புத் திரையில வரி வரியா அப்படியே இருந்துச்சு. மூடாமலே தண்ணி குடிக்கப் போயிட்டீங்க."

மாஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாசம் உழைச்சதெல்லாம் போச்சே என்றார்.

"எதுவும் போகல. ஒவ்வொரு அத்தியாயமும் முடிஞ்ச அன்னைக்கே டிஸ்க்கைக் கழட்டி எடுத்துட்டுப் போய், நூலகத்துல ஒரு காப்பி கொடுத்துடுவேன். எல்லாம் அவங்ககிட்ட பத்திரமா இருக்கு."

நெஞ்சில் இருந்த பாறாங்கல் இறங்கியது. ஆனால் இறங்கின இடத்தில் ஒரு சந்தேகம் முளைத்தது. "அப்போ இப்ப எதுக்கு முதல் பக்கத்திலேர்ந்து படிச்சே?"

மாஸ்டர் மைக்கைப் பார்த்தார். அதன் வயர் எதிலும் செருகப்படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்குவீங்கன்னு நினைச்சேன். மொட்டைமாடித் தண்ணித் தொட்டி இன்னும் கழுவலையே."