தேசிய கீதமும் உடைந்த குளக்கட்டும்

ஆயிரத்துத் தொளாயிரத்து அறுபத்தோராம் ஆண்டு தேசிய கீதத்தின் தொடக்கம் மாற்றப்பட்டது. பழைய தொடக்கம் அபசகுனமானது, நாட்டுக்கு வந்த கேடெல்லாம் அதனால்தான் என்று கொழும்பிலே பெரியவர்கள் முடிவு கட்டியிருந்தார்கள். சுற்றுநிருபம் வன்னிக்கு வந்து சேரப் புரட்டாதி ஆகிவிட்டது. அதே கிழமைதான் முள்ளியவளைக்கு அப்பால் குடியேறியிருந்த கமக்காரர் வீரகத்தி, உடைந்த குளக்கட்டைத் திருத்தித் தரும்படி ஆறாவது மனுவோடு அரசாங்கக் கந்தோருக்குப் போனார். மாரிக்கு ஒரு மாதந்தான் இருந்தது. கட்டு இல்லையென்றால் அவருடைய மூன்று ஏக்கரும் தரிசு.

உத்தியோகத்தர் யோகலிங்கம் மனுவை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"குளம் திறந்த அண்டைக்கு என்ன பாட்டுப் படிச்சவை?"

"தேசிய கீதந்தான் ஐயா."

"பழைய தொடக்கமோ?"

"அப்ப அதுதானே இருந்தது."

"பாத்தீரே! பிறகு உடையாமல் என்ன செய்யும்?"

"அப்ப மண் போட மாட்டியளோ ஐயா?"

"மண்ணிலை பிழை இல்லை ஐசே, பாட்டிலைதான் பிழை."

அடுத்த திங்கட்கிழமை மேற்படி குளத்தின் மறுதிறப்பு விழா உத்தியோகபூர்வமாக நடந்தேறியது. உடைப்பின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு நாடா கட்டினார்கள். பள்ளிப் பிள்ளைகள் புதிய தொடக்கத்தோடு பாடினார்கள். யோகலிங்கம் நாடாவை வெட்டினார். அப்பால் போக வழியில்லாததால் திரும்பி வந்தார். "குறை நிவர்த்தி செய்யப்பட்டது" என்று எழுதிக் கோப்பை மூடினார்கள்.

ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. வீரகத்திக்கோ வயிறு எரிந்தது.

"சகுனம் பாத்தே நாட்டைக் குட்டிச்சுவராக்கிறாங்கள், விசரங்கள்! நாங்களே கட்டுவம்."

நாற்பது குடும்பமும் ஓம் என்றது. ஐந்து நாள் வேலைதான்.

"நாளைக்கே தொடங்குவம்," என்றார் பக்கத்துக் காணி ஏரம்பு.

வீரகத்தி திடுக்கிட்டார். "நாளைக்கு அட்டமி எல்லே! நாள் பாராமல் தொடங்கிறதோ?"

பஞ்சாங்கம் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. வீரகத்தியின் வாக்கிய பஞ்சாங்கம் வியாழன் நல்லது என்றது. ஏரம்புவின் திருக்கணித பஞ்சாங்கம் வியாழன் ஆகவே ஆகாது, அடுத்த திங்கள்தான் என்றது. ஊர் இரண்டு கட்சியாகிப் பேச்சுப்பறைச்சலை விட்டது. வியாழனும் போயிற்று, திங்களும் போயிற்று. கடைசியில் யாழ்ப்பாணத்துச் சாத்திரியாரிடம் ஆள் அனுப்ப ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். ஆள் புறப்பட நல்ல நாள் எது என்பதில் மறுபடியும் சண்டை மூண்டது.

அதற்குள் மழை வந்துவிட்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. வந்த தண்ணீர் ஒரு சொட்டும் நில்லாமல் உடைப்பால் ஓடிக் காட்டுக்குள் போய்விட்டது. வீரகத்தி கட்டின்மேல் நின்று வாய்விட்டு அழுதார். பாவம், மனிதர் வருடம் முழுக்கக் காத்திருந்த தண்ணீர். பக்கத்தில் ஏரம்புவும் நனைந்துகொண்டு நின்றார்.

வீரகத்தி மூக்கைச் சிந்திவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"இப்பவாவது ஒத்துக்கொள்ளும் ஏரம்பு. உம்முடைய பஞ்சாங்கம் பிழைதானே?"