ஏழு சுற்றும் ஒரு கொட்டைப் பாக்கும்

ஓட்டம் என்பது காரணமுள்ளவர்களின் காரியம் என்று எங்கள் குடும்பம் அந்நாளில் நம்பியது. ரயிலைத் தவறவிடப் போகிறவன் ஓடலாம். நாய் துரத்துகிறவன் ஓடலாம். ரிக்‌ஷா இழுக்கிறவர் ஓடித்தான் ஆகவேண்டும். மற்றபடி, மூன்று வேளையும் சாப்பிடுகிற ஒருவன் யாரும் துரத்தாமல் தானாகவே ஓடினால் அவனுக்கு வேப்பிலை அடிக்க வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. மார்கழிப் பனியில் வாயைத் திறந்துகொண்டு ஓடினால் பனி நேரே நெஞ்சுக்குள் இறங்கிக் கட்டிக்கொள்ளும் என்பது அம்மாவின் முடிவு. மூன்றாவதாக இருவருக்கும் பொதுவான ஒரு நம்பிக்கையும் உண்டு: எட்டாம் வகுப்புக்கு மேல் படித்த பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது.

இந்த மூன்றாவது நம்பிக்கைக்கும் ஓட்டத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ஒரு குளிர்காலக் காலையில், கண்டி வாவிக்கரையில் மூன்றும் ஒன்றாகச் சந்தித்துக்கொண்டன. சந்திக்க வைத்தவர் என் அண்ணன். சந்திப்பைக் குட்டிச்சுவராக்கியவள் நான்.

பேராதனை வீதியில் எங்களுக்கு அரிசிக் கடை இருந்தது. ரங்கூன் அரிசி மூட்டைகள் பின்கட்டில் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அவற்றைத் தூக்கித் தூக்கியே அண்ணன் கதிரேசனின் தோள்கள் அகன்றிருந்தன; அம்மாவின் கைமணத்தால் வயிறும் அகலத் தொடங்கியிருந்தது. ஓட்டக்காரர் என்று அவரை யாரும் சந்தேகப்பட்டிருக்க முடியாது.

அந்த வருடம் நகரத்து இளைஞர் சங்கம் ஒன்று வாவியைச் சுற்றி மரதன் ஓட்டம் நடத்துவதாக அறிவித்தது. மரதன் என்றால் எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்கே திட்டமாகத் தெரியாது என்று இப்போது நினைக்கிறேன். வாவியை ஏழு முறை சுற்றியவனுக்கு எட்டாவது முறை சுற்றும் ஆசை வராது என்று கணித்து, ஏழு சுற்று என்று வைத்திருப்பார்கள் போலும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரசம் ஊற்றும் கட்டத்தில், அண்ணன் செய்தியை உடைத்தார்.

"நானும் பேர் குடுத்திருக்கேன்ப்பா."

"எதுக்கு?"

"ஓடுறதுக்கு."

"யாருகிட்டேருந்து?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நெஞ்சுச் சளியைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். அந்தச் சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து அண்ணன் கேட்டார்.

"ஏழு சுத்தையும் முடிச்சிட்டா என்ன தருவீங்க?"

"நீ என்ன கேட்டாலும் தர்றேன்டா. மூணாவது சுத்துல உன்னை அள்ளிட்டு வர்றதுக்கு ரிக்‌ஷாவும் பேசி வெக்கிறேன்."

"எனக்கு ஒண்ணும் வேணாம். சாரதா சீனியர் பரீட்சை வரைக்கும் படிக்கட்டும்."

சாரதா நான்தான். எட்டாம் வகுப்பு முடிந்திருந்தது. தை பிறந்ததும் என் பெட்டியைக் கட்டி, இந்தியாவில் இருந்த அத்தை மகனுக்கு என்னைக் கொடுப்பதாகப் பேச்சு. அந்த அத்தை மகனை நான் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். அவர் அப்போது ஒரு மாங்காயை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். (காரணமுள்ள ஓட்டம்.) அண்ணன் இப்படிக் கேட்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அப்பாவும் நினைக்கவில்லை. ஆனால் கேட்டால் தருவதாகச் சொல்லியாகிவிட்டது. எங்கள் அப்பா வாக்கை மாற்றாதவர். அதை நிறைவேற்ற வேண்டிய அவசியமே வராது என்று தோன்றும் இடத்தில் இன்னும் தாராளமாகக் கொடுப்பவர்.

"ஆகட்டும். படிக்கட்டும். முடிச்சிட்டு வா பார்ப்போம்" என்று மோரை ஊற்றிக்கொண்டார்.

அன்றிலிருந்து அண்ணன் விடியுமுன்னே எழுந்து ஓடினார். என் எதிர்காலம் தினமும் வேர்த்து விறுவிறுத்து வீடு திரும்புவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சங்கத்தின் விதி எளிமையானது. ஒவ்வொரு ஓட்டக்காரரும் தம் சுற்றுகளை எண்ணுவதற்கு ஓர் ஆளைக் கொண்டுவர வேண்டும். கடைசிச் சுற்றைத் தொடங்கும் நேரத்தில் அந்த ஆள் வெள்ளைத் துணியை அசைத்துக் காட்டுவார். அந்தச் சுற்றை முடித்து வருகிறவர், சாலையோரத்தில் கயிறு கட்டி ஒதுக்கிய ஒடுக்கமான வழிக்குள் நுழைந்து நாடாவை அறுக்க வேண்டும். நுழையாதவர் ஓட்டத்தை முடிக்காதவர்.

எண்ணும் பொறுப்பு எனக்கு வந்தது. நான் கேட்டு வாங்கினேன் என்பதே சரி. பள்ளிக்கூடத்தில் கணக்குக்கு முதல் பரிசு வாங்கியிருந்தேன். அந்தச் செய்தியைத் தெருவில் அறியாதவர் எவரும் இல்லாதபடி பார்த்துக்கொண்டும் இருந்தேன். ஏழு வரைக்கும் எண்ணுவது என் தகுதிக்குக் குறைவான வேலை என்ற எண்ணம்கூட இலேசாக இருந்தது.

ஓட்டத்தன்று வாவியின் மேல் பனி படுத்திருந்தது. நடுவிலிருந்த தீவு தெரியவில்லை. தலதா மாளிகையின் கூரை மட்டும் பனிக்கு மேலே மிதந்தது. அப்பா சொன்ன சொல் தவறாமல் ரிக்‌ஷாவோடு வந்திருந்தார். அதில் ஒரு கம்பளி, ஒரு குடை, அம்மா கொடுத்தனுப்பிய இஞ்சிக் கோப்பி. துக்க வீட்டுக்குப் புறப்பட்டவரைப் போல முகத்தை ஆயத்தம் செய்துகொண்டு, வாவி மதிலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் தாவணி முனையில் ஒரு பிடி கொட்டைப் பாக்கு முடிந்து வந்திருந்தேன், எண்ணுவதற்காக. (ஏழே ஏழு பாக்கு எடுத்துப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது. கடைக்காரர் மகள் எதையும் குறைத்து எடுப்பதில்லை.)

சங்கத்துச் செயலாளர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர். விசிலை ஊதி ஓட்டத்தைத் தொடக்கினார். முப்பது பேர் அளவில் பனிக்குள் மறைந்தார்கள்.

முதல் சுற்றை முடித்து அண்ணன் எங்களைக் கடந்தார். நான் ஒரு பாக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றி மதிலின் மேல் வலப்பக்கம் வைத்தேன். அடுத்த சுற்றுக்கு ஒரு பாக்கை இடப்பக்கம் வைத்தேன். அதற்கடுத்ததை அதன் பக்கத்தில். வரிசை அழகாக வளர்ந்தது.

மூன்றாவது சுற்றில் அப்பா கம்பளியை உதறித் தயாராக விரித்தார். அண்ணன் விழவில்லை. நான்காவதில் கம்பளியை மடித்தார். பாதிப் பேர் அதற்குள் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணனோ மூட்டை சுமக்கிறவரின் நிதானத்தோடு ஒரே சீராக வந்துகொண்டிருந்தார். ஐந்தாவதில் அப்பா எழுந்து நின்றார்.

"வாயை மூடிக்கிட்டு ஓடுடா! அம்மா சொன்னது மறந்துபோச்சா?"

ஆறாவதில், என்ன நேர்ந்தது என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை, அப்பா கோப்பிக் குவளையோடு அண்ணனின் பக்கத்தில் பத்தடி தூரம் ஓடினார். யாரும் துரத்தவில்லை. திரும்பி வந்து, மூச்சு வாங்க, நான் பார்த்தேனா என்று என்னைப் பார்த்தார். நான் பாக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில் மற்றவர்கள் வெள்ளைத் துணிகளை அசைத்தார்கள். அண்ணன் ஓடிக்கொண்டே என்னை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார். நான் தலையை ஆட்டி மறுத்தேன். என் வரிசையில் ஐந்து பாக்குகள்தாம் இருந்தன. எண்ணத் தெரியாதவர்களை நம்பி ஓடுகிற மற்ற இளைஞர்களுக்காக மனதார இரங்கினேன்.

அடுத்து அவர்கள் பனியிலிருந்து வெளிப்பட்டபோது கரை முழுவதும் எழுந்து நின்றது. முன்னால் இரண்டே பேர்: குண்டசாலையிலிருந்து வந்த ஒரு சிங்கள இளைஞர், அவர் தோளோடு தோளாக என் அண்ணன். கயிற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு அடி இருக்கையில் அண்ணன் ஒரு கை நீளம் முந்தினார். கண்டி மரதனில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவர் எங்கள் அரிசிக் கடைக் கதிரேசன்.

நான் வெள்ளைத் துணியை எடுத்து முழு பலத்தோடு அசைத்தேன்.

அண்ணன் கயிற்று வழியை விட்டு விலகி நேரே ஓடினார். குண்டசாலை இளைஞர் உள்ளே நுழைந்து நாடாவை அறுத்தார்.

"தம்பி! நில்லும்! முடிஞ்சுது!" என்று செயலாளர் கத்தினார்.

"இன்னும் ஒண்ணு இருக்கு! ஓடுங்கண்ணே!" என்று நான் அதைவிடப் பலமாகக் கத்தினேன். அண்ணன் என் குரலை நம்பிப் பனிக்குள் போய்விட்டார்.

செயலாளர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தார். "பிள்ளை, ஏழு சுத்தும் முடிஞ்சுது எல்லோ? என்ன விசர் வேலை பாத்தனீர்?"

"ஆறுதான் சார் முடிஞ்சிருக்கு. நான் கணக்குல முதல் பரிசு வாங்கினவ."

இதைச் சொல்லும்போது என் தாடை எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் போர்வைக்குள் புகுந்துகொள்ளத் தோன்றுகிறது. ஆனால் என்னைவிட உயரமாக ஒரு குரல் எழுந்தது.

"எம் பொண்ணு கணக்கு தப்பாது சார்! ஊருல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க!"

அப்பா. என் கணக்கைப் பற்றி அவர் பெருமையாகப் பேசி அதுவரை நான் கேட்டதில்லை. பேசுவதற்கு அவர் தேர்ந்தெடுத்த நேரம் அது.

செயலாளர் மதிலைக் காட்டினார். அப்பா குனிந்து பாக்குகளை எண்ணினார். ஆறு. வெற்றிப் பார்வை பார்த்து நிமிரப் போனவர், வலப்பக்கம் தனியே கிடந்ததைக் கண்டார்.

"இது என்ன பாப்பா?"

"அது சாமிக்கு."

"என்னது?"

"முதல் கொத்து சாமிக்குத்தானே அப்பா..."

கொத்து என்பது எங்கள் கடையில் அரிசி அளக்கும் பாத்திரம். புது மூட்டை பிரித்தால் முதல் கொத்து அரிசி பிள்ளையார் கோயில் பானைக்குப் போகும். அது கணக்கில் சேராது. அடுத்த கொத்தைத்தான் அப்பா 'ஒன்று' என்று எண்ணுவார். எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் அளந்து பழக்கம். அண்ணனின் முதல் சுற்றை நான் பயபக்தியோடு பிள்ளையாருக்குக் கொடுத்துவிட்டேன்.

அப்பாவின் முகத்தில் என்னவெல்லாமோ வந்து போயின. பிறகு ரிக்‌ஷாவில் ஏறி, அண்ணனைத் தடுத்து நிறுத்துவதற்காக வாவியை எதிர்த்திசையில் சுற்றப் போனார். அக்கரையில் நடந்ததை அண்ணன் சொல்லித்தான் அறிவோம்.

"கதிரேசா, ஏறுடா வண்டில! ஓட்டம் முடிஞ்சிருச்சு!"

"அவ இப்பத்தானே துணியை ஆட்டினா?"

"சாமிக்கு ஒண்ணு எடுத்து வெச்சிட்டாடா!"

அரிசிக் கடைப் பிள்ளைக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. அண்ணன் ஓட்டத்தை நிறுத்தவுமில்லை. "அப்ப பாதியில நிறுத்தக்கூடாதுப்பா. கோயில் கணக்கு" என்றாராம்.

பனி விலகிக்கொண்டிருந்தது. செயலாளரின் ஆட்கள் விருந்தினர் உட்காரப் போட்டிருந்த கதிரைகளை அடுக்கிவிட்டிருந்தாலும் கூட்டம் கலையவில்லை. வளைவில் முதலில் ரிக்‌ஷா தெரிந்தது. அதில் அப்பா எழுந்து நின்று, ஒரு கையால் கூடாரக் கம்பியைப் பற்றிக்கொண்டு, மறு கையால் குடையை நீட்டி, பக்கத்தில் ஓடிவந்த அண்ணனின் தலைக்குப் பனி படாமல் பிடித்துக்கொண்டிருந்தார். பெரஹரா ஊர்வலத்தில் வருகிற மரியாதையில் ஒரு பங்கு அதில் இருந்தது. கரையிலிருந்தவர்கள் கைதட்டினார்கள், குண்டசாலை இளைஞரும் பரிசுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

செயலாளரோ விதியை விடாதவர். பெயர்களை உரக்க வாசித்தார். "கதிரேசன், முடிக்கவில்லை." வாசித்துவிட்டு, "எட்டுச் சுத்து ஓடினது நீர் ஒருத்தர்தான் தம்பி. ஆனா நாங்கள் ஏழுக்கெல்லோ கோப்பை வைச்சனாங்கள்" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

முடிக்கவில்லை. ஊரறிய வாசித்தாயிற்று. அண்ணனுக்குக் கோப்பை போனது. எனக்குப் பள்ளிக்கூடம் போனது. இரண்டையும் போக்கியது கணக்கில் பரிசு வாங்கிய என் மூளை. அத்தை மகனும் மாங்காயும் கண்முன்னே வந்து நின்றார்கள்.

வீட்டில் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை, எட்டுச் சுற்று ஓடியவரைத் தவிர. அவர் மூன்றாவது முறை சோறு கேட்டார். நான் சமையலறை வாசலில் நின்று அழுதேன். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அழுகை எதுக்கு?"

"அண்ணே முடிக்கலைன்னு வாசிச்சாங்களே."

"அது அவங்க கணக்கு." அப்பா ஒரு கவளம் உருட்டினார். "நம்ம கடைக் கணக்குல, சாமிக்குப் போக ஏழு சுத்து முடிச்சிருக்கான். அந்தக் கணக்கு தப்புன்னு நானே சொன்னா, இத்தனை வருஷமா கோயிலுக்கு அளந்ததெல்லாம் என்னாகுறது?"

அண்ணன் சோற்றில் கை வைத்தபடி நிமிர்ந்தார். அம்மாவுக்கு நெஞ்சுச் சளியே மறந்துபோயிற்று.

"படிக்கட்டும். ஆனா பாப்பா, பரீட்சைக்குப் போனா மட்டும் முதல்லேருந்தே எண்ணு."

முதலிலிருந்தே எண்ணினேன். சீனியர் தேறினேன், ஆசிரியைப் பயிற்சியும் பெற்றேன், முப்பது ஆண்டுகளுக்குமேல் இதே ஊர்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். (சிரிக்காதீர்கள். என்னிடம் படித்தவர்கள் பெரிய பெரிய வேலைகளில் இருக்கிறார்கள்.) வீட்டில் மட்டும் எனக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. விருந்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று நான் சொன்னால், "சாமியைச் சேர்த்தா, சேர்க்காமலா?" என்று அண்ணன் கேட்பார். அவர் பிள்ளைகள் கேட்டார்கள். அவர்கள் பிள்ளைகள், அரிசிக் கொத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள், அதே கேள்வியைக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள்.

அப்பாவும் அம்மாவும் மறைந்து வெகுகாலமாகிறது. கடை கைமாறிவிட்டது. அண்ணனும் நானும் இருக்கிறோம்.